கணிப்பொறிக் கூடும் காற்றின் வழியும்

பொருளின் அகத்தை ஆராயாது புறத்தோற்றத்தைக் கண்டே விலை பேசும் வழக்கம் நம்மவரிடைப் பெரிதும் காணப்படுகின்றது. மேசைக் கணிப்பொறி வாங்கப் புகுவோரிடத்து இவ்வழக்கம் ஒரு விசித்திரமான முறையில் வெளிப்படும். பிராஸஸர் எது, நினைவகம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு எத்தகையது என்று பன்னாள் ஆராய்ந்து தெளிந்தவர்களும், அவற்றையெல்லாம் தன்னுள் அடக்கிக் காக்கும் கூட்டினைப் பற்றிக் கேட்டால், "பார்வைக்கு நன்றாய் இருப்பது ஏதேனும் ஒன்று போதும்" என்று கூறிவிடுகின்றனர். கடைகளில் கேபினெட் என வழங்கும் இக்கூடு உள்ளுறுப்புக்கள் யாவும் மூச்சு விடுதற்குரிய வழியாகும் என்பதையும், அவ்வழி செவ்வையாக அமைந்துள்ளதா என்பதைச் சாதாரண அறிவுடைய எவரும் தாமே சோதித்தறியலாம் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனால் விளையும் லாபநஷ்டம் சிறிதன்று. மதர்போர்டின் அளவையும் அதனைப் பொருத்தும் துளைகளின் இடத்தையும் வரையறுக்கும் ஏ.டி.எக்ஸ். என்னும் முறையை இன்டெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வெளியிட்டது. 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் உடைய அப்பலகையின் அளவு இன்றளவும் நிலைபெற்றுள்ளது. ஆதலின் பிராஸஸரும் கார்டும் சில ஆண்டுகளில் பழையனவாகிக் கழிந்தாலும், கூடு மட்டும் இரண்டு மூன்று தலைமுறைப் பலகைகளைத் தாங்கி நிற்கவல்லது. நன்கு தேர்ந்தெடுத்த கூட்டின் பயன் பத்தாண்டு தொடரும். தவறித் தேர்ந்ததன் துன்பமும் அங்ஙனமே தொடரும். பொருள்வளம் குறைந்த மாணவர் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம்.

வெப்பத்தின் பிறப்பு

கணிப்பொறியினுட் செல்லும் மின்சாரம் முழுவதும், கணக்கிடும் வேலையைச் செய்து முடித்தபின், இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. நூறு வாட் மின்சாரத்தை உட்கொள்ளும் உறுப்பு நூறு வாட் வெப்பத்தை வெளியிடும் என்று கொள்க. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதற் பீ.ஸி. யந்திரத்தின் பவர் சப்ளை தரவல்ல ஆற்றல் 63.5 வாட் மட்டுமே. 2022இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் கார்டு ஒன்றற்கே 450 வாட்டும், 2025இல் வெளிவந்த 5090 என்னும் கார்டுக்கு 575 வாட்டும் நிறுவனத்தார் குறித்துள்ளனர். முற்காலத்து யந்திரம் ஏழெட்டினை ஒருங்கே இயக்கப் போதுமான ஆற்றல் இன்று ஒரு கார்டிற்குள் வெப்பமாகின்றது. மாணவர் வாங்கும் எளிய யந்திரங்கள் இவ்வளவு வெப்பத்தைத் தருவனவல்ல. எனினும் இருநூறு முதல் நானூறு வாட் வரை வெளியிடும் யந்திரங்கள் இன்று சாதாரணம்.

இவ்வெப்பம் வெளியேறாது தங்குமாயின் விளைவன இரண்டு. பிராஸஸரின் உஷ்ணம் 95 அல்லது 100 டிகிரி சென்டிகிரேடை அணுகும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய வேகம் வேண்டிய வேளையில் கிட்டாது போதல் முதற் கேடு. பவர் சப்ளையிலும் மதர்போர்டிலும் உள்ள எலெக்ட்ரோலிடிக் கெபாஸிடர்கள் நாளடைவில் வறண்டு போதல் இரண்டாவது கேடு. உஷ்ணம் பத்து டிகிரி உயருந்தோறும் இவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொதுவிதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் கெபாஸிடர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். 75 டிகிரியிலோ 16,000 மணியே. பத்து டிகிரி வேறுபாடு எத்துணை ஆண்டுகளைக் கொண்டு போகின்றது என்பதை நோக்குக.

காற்றின் கணக்கு

வெப்பத்தை வெளியே சுமந்து செல்வது காற்று. எவ்வளவு காற்று வேண்டும் என்பதைப் பௌதிகத்தின் எளிய கணக்கால் அறியலாம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,005 ஜூல் வேண்டும். கூட்டினுள் 400 வாட் வெப்பம் பிறக்கின்றது என்றும், உட்புகும் காற்றை விட வெளியேறும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகலாகாது என்றும் வைத்துக்கொண்டால், நிமிடத்திற்கு 2 கன மீட்டர் காற்று செல்ல வேண்டும் என்பது கிடைக்கும். விசிறிகளின் அட்டையில் அச்சிடப்படும் முறைப்படி சொன்னால் இஃது ஏறக்குறைய 70 கன அடி. 5 டிகிரிக்கு மேல் ஏறலாகாது என்றால் அக்காற்றைப் போல் இருமடங்கு வேண்டும்.

120 மி.மீ. விசிறி ஒன்றின் அட்டையில் 50 முதல் 70 கன அடி வரை குறித்திருப்பதைக் காணலாம். "ஒரே விசிறி போதுமே" என்று இது கண்டு முடிவு செய்தல் பிழை. அவ்வெண் முன்னும் பின்னும் தடையில்லாத வெளியில் அளந்தது. முகப்புத் தகடு, தூசி வலை, கம்பிகள் ஆகிய தடைகளைக் கடந்து செல்லுங்கால் காற்று மிகவும் குறைந்துவிடும். எனவே கூடு வாங்குவோர் முதற்கண் நோக்கத்தக்கது விசிறிகளின் எண்ணிக்கையன்று, காற்றின் பாதையிலுள்ள தடைகளே.

இங்கே மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. எந்தக் கூடும் அறையின் காற்றை விடக் குளிர்ந்த காற்றைப் படைக்கமாட்டாது. அறையின் உஷ்ணத்தோடு கூட்டின் குறையும் உறுப்புக்களின் சூடும் சேர்ந்தே மொத்த உஷ்ணமாகின்றது. 25 டிகிரி அறையில் 75 டிகிரி காட்டும் பிராஸஸர், அதே வேலையை 38 டிகிரி அறையில் செய்தால் 88 டிகிரியை எட்டும். குளிர்நாட்டுப் பரிசோதகர் ஒருவர் போதுமென்று கூறும் கூடு, சித்திரை வைகாசி மாதத்து விடுதி அறையில் போதாததாகலாம். நம் நாட்டில் வாழ்வோர் காற்றோட்டத்தில் சற்று மிகுதியாகவே கேட்டு வாங்குதல் தகும்.

முகப்பும் துளைகளும்

பெரும்பாலான கூடுகளில் காற்று முன்புறத்தினின்று புகுந்து, உறுப்புக்களைக் கடந்து, பின்புறத்தாலும் மேற்புறத்தாலும் வெளியேறுகின்றது. முன்புறம் முழுதும் கண்ணாடியாலோ கெட்டித் தகட்டாலோ மூடப்பட்டு, ஓரங்களில் மட்டும் மெல்லிய இடுக்கு விட்டிருந்தால், பின்னால் மூன்று விசிறிகள் சுழன்றும் பயனில்லை. வாயை மூடிக்கொண்டு ஓடுபவன் நிலையே அவ்யந்திரத்தின் நிலை. கண்ணாடியைப் பக்கவாட்டில் வைத்தல் குற்றமன்று. முகப்பில் வைத்து வழியை அடைத்தலே குற்றம்.

துளையிட்ட முகப்பாயினும் துளைகளின் அளவைக் கவனித்தல் வேண்டும். 2 மி.மீ. விட்டமுள்ள துளைகள் 3 மி.மீ.க்கு ஒன்றாகச் சதுர வரிசையில் அமைந்திருந்தால், தகட்டில் திறந்த பரப்பு நூற்றுக்கு 35 பங்கே. துளையின் விட்டத்தை மட்டும் 2.5 மி.மீ. ஆக்கினால் அது நூற்றுக்கு 55 பங்காக உயரும். அரை மில்லிமீட்டர் செய்யும் மாறுதல் இத்துணை! இத்தகைய துளைமுகப்பின் பின்னே மிக நுண்ணிய நைலான் வலையையும் சேர்த்தால் தடை இரட்டிக்கும். எளிதிற் கழற்றிக் கழுவத்தக்க வலை ஒன்று போதும். மாதம் ஒருமுறை கழுவப்படாத வலை, நாளடைவில் கெட்டித் தகடாகவே மாறிவிடும்.

தூசியைப் பற்றியும் ஒரு சொல். உள்ளிழுக்கும் விசிறிகளின் வலிமை வெளித்தள்ளும் விசிறிகளின் வலிமையை விடச் சற்று மிகுந்திருந்தால், கூட்டினுட் காற்றழுத்தம் சிறிது உயரும். இடுக்குகளின் வழியே காற்று வெளியேறுமேயன்றி உட்புகாது. அப்போது உட்புகும் காற்று யாவும் வலையின் வழியாகவே வரும். வெளித்தள்ளுவது மிகுந்தாலோ, இடுக்குதோறும் வடிகட்டாத காற்றும் தூசியும் உள்ளே நுழையும். முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று விசிறிகளை அமைக்கும் வழக்கத்தின் காரணம் இதுவே.

விசிறிகளின் இயல்பு

விசிறியின் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். ஆனால் ஓசையோ சுமார் 15 டெஸிபெல் குறையும். ஆகவே ஒரு விசிறியைக் கடுவேகத்தில் ஓட்டுவதை விட, இரண்டு விசிறிகளைப் பாதி வேகத்தில் ஓட்டுதல் அமைதிக்கு ஏற்றது. 140 மி.மீ. விசிறியின் பரப்பு 120 மி.மீ. விசிறியின் பரப்பை விட நூற்றுக்கு 36 பங்கு அதிகம். அதனால் அது மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தரும். இரவில் அறைத்தோழர் உறங்கக் கணிப்பொறியில் வேலை செய்ய வேண்டிய மாணவர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

விசிறியைப் பொருத்துங்கால் திசை மாறாதிருத்தல் வேண்டும். இதழ்கள் திறந்து தெரியும் பக்கத்தால் காற்று புகும். குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கத்தால் வெளியேறும். மின்னும் வண்ண விளக்குகள் கண்ணைக் கவரும். காற்றை அவை ஒரு சிறிதும் கூட்டுவதில்லை. விளக்கின் விலையைத் துளையின் அளவிலும் தகட்டின் கனத்திலும் செலவிடுதலே விவேகம். தண்ணீரால் குளிரச் செய்யும் கருவியை வாங்கினால் காற்றோட்டம் வேண்டுவதில்லை என்று எண்ணுவோரும் உளர். தண்ணீர் வெப்பத்தைப் பிராஸஸரினின்று ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்லும் தூதனேயாம். அங்கிருந்து அதனை அகற்றுவது மீண்டும் காற்றே.

வரலாறு புகட்டும் பாடம்

இவ்வுண்மைகளைப் பெரிய நிறுவனங்களும் இடர்ப்பட்டே கற்றுக்கொண்டன. ஆப்பிள் நிறுவனம் 1980இல் வெளியிட்ட ஆப்பிள் III என்னும் யந்திரத்தில் விசிறி இல்லை. அலுமினிய அடித்தளமே வெப்பத்தை வாங்கி வெளியிடும் என்று நம்பினர். வேறு குறைகளும் உடன் சேர, உள்ளிருந்த சில்லுகள் தத்தம் இருக்கையினின்று நெகிழலாயின. யந்திரத்தைச் சில அங்குலம் தூக்கிக் கீழே விட்டால் அவை மீண்டும் பொருந்தும் என்று உடையவர்க்கு அறிவுரை கூறும் நிலையும் உண்டாயிற்று. 2003இல் அந்நிறுவனமே வெளியிட்ட பவர் மாக் ஜி5 இதற்கு நேர்மாறானது. அதன் முகப்பு முழுதும் துளைகள். உள்ளிடம் நான்கு வெப்ப மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, ஒன்பது விசிறிகள் வேண்டியவாறு தனித்தனி வேகத்தில் இயங்கின.

எனினும் 2013இல் அழகு மீண்டும் மேலோங்கிற்று. அவ்வாண்டின் மாக் ப்ரோ, சுமார் 25 செ.மீ. உயரமுள்ள கரிய உருளை. நடுவே முக்கோண வடிவான உலோகத் தண்டு ஒன்றும், உச்சியில் ஒரே விசிறியும் அமைந்தன. இரண்டு நடுத்தரக் கார்டுகளின் வெப்பத்தை அது செவ்வனே தாங்கிற்று. ஆனால் உலகம் ஒரே பெரிய கார்டினை நாடியபோது, அவ்வளவு வெப்பத்தை ஒரு பக்கத்தில் ஏற்க அவ்வடிவத்தால் இயலவில்லை. 2017இல் அந்நிறுவனத் தலைவர்களே பத்திரிகையாளர்முன் இதனை ஒப்புக்கொண்டனர். 2019இல் வந்த அடுத்த மாக் ப்ரோ, முகப்பு முழுதும் பெருந்துளைகளும் அவற்றின் பின்னே மூன்று பெரிய விசிறிகளும் உடைய நேரான பெட்டியாகத் திரும்பிற்று. வடிவத்தை முதலில் தீர்மானித்து, காற்றைப் பின்னர் அதற்குப் பணியச் சொன்னால் காற்று பணியாது என்பதே இதனாற் பெறும் பாடம்.

கட்டமைப்பின் உறுதி

இனி, கூட்டின் உறுதியை நோக்குவோம். மலிவான கூடுகளில் எஃகுத் தகட்டின் கனம் அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும், நல்லனவற்றில் 0.8 மி.மீ. அல்லது அதற்கு மேல். வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், தகடு வளையாது எதிர்நிற்கும் தன்மை கனத்தின் முப்படியை ஒட்டியது. ஆதலால் 0.8 மி.மீ. தகடு 0.5 மி.மீ. தகட்டினும் நான்கு மடங்கு விறைப்புடையது. மெல்லிய தகடு விசிறியின் அதிர்வை வாங்கி முரசுபோல் ஒலிக்கும். இக்காலத்துப் பெரிய கார்டுகள் 2 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையுடையன; பின்தகடு வளைந்தால் கார்டும் தொங்கி, மதர்போர்டின் இருக்கை வருந்தும்.

உறுதி என்பது தகட்டின் கனத்தோடு முடிவதன்று; சிறு திருகும் கருதற்பாலது. என்.ஜெட்.எக்ஸ்.டி. நிறுவனத்தின் எச்1 என்னும் கூட்டில், கார்டினை இணைக்கும் பலகையைப் பிடித்த இரண்டு திருகுகள் அப்பலகையின் மின்தடங்களைத் தொட்டு ஷார்ட் சர்க்யூட்டும் தீயும் உண்டாக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டது. முதலில் நைலான் திருகுகள் அனுப்பப்பட்டன. அது போதாதெனக் கண்டு, 2021இல் அக்கூடுகளைத் திரும்ப அழைத்துப் புதிய பலகை வழங்கினர். குளிர்ச்சியும் அழகும் குறைவற அமைந்த கூட்டிலும் ஒரு திருகின் இடம் எத்துணைக் கேட்டினை விளைக்கவல்லது என்பதற்கு இது சான்று.

எர்த் இணைப்பையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். பவர் சப்ளையின் உலோக உடல் கூட்டின் உலோகத்தைத் தொட்டு நிற்க, மூன்று முள் பிளக்கின் வழியாகக் கூடு முழுதும் மண்ணோடு இணைகின்றது. சுவரில் எர்த் இல்லாதபோது கூட்டைத் தொட்டால் விரல் கூசுவதற்குக் காரணம், பவர் சப்ளையின் வடிகட்டிக் கெபாஸிடர்கள் வழியே கசியும் சிறு மின்சாரம். இதனைக் கூட்டின் குற்றமெனக் கருதிப் புதிய கூடு வாங்குவதால் பயனில்லை. சுவரின் எர்த் இணைப்பை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சீர்ப்படுத்துவதே முறை. மலிவான கூட்டுடன் இலவசமாகச் சேர்த்துத் தரும் பவர் சப்ளையை நம்பி விலையுயர்ந்த உறுப்புக்களை ஒப்படைத்தலும் தகாது.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

வாங்கப் போகுமுன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்க: மதர்போர்டின் வகை, கார்டின் நீளம், பிராஸஸர்மேல் அமரும் குளிர்கருவியின் உயரம். கார்டுகள் 300 மி.மீ.க்கு மேலும், குளிர்கருவிகள் 160 மி.மீ. வரையிலும் இருத்தல் உண்டு. கூட்டின் அட்டையில் குறித்த எல்லைக்குள் இவை அடங்குகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க.

கடையில், கூட்டைச் சமதளமான மேசையில் நிறுத்தி, எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்துக. ஆடினால் சட்டம் கோணலானது. பக்கத் தகட்டைக் கழற்றி மீண்டும் மாட்டுக. வலிந்து தள்ளாமல் பொருந்த வேண்டும். தகட்டின் உள்ளோரங்களைத் துணியால் மெல்லத் தடவிப் பார்க்க. நூல் சிக்கினால் கையும் அறுபடும். ஓரங்கள் மடித்து விடப்பட்டவை நல்லன. திருகுகளை விரலாலேயே இரண்டு மூன்று சுற்றுச் சுழற்ற முடிகின்றதா என்று காண்க. முகப்பின் பின்னே ஒரு விளக்கைப் பிடித்தால், ஒளி எவ்வளவு தாராளமாக வருகின்றதோ அவ்வளவு தாராளமாகக் காற்றும் வரும். கூட்டின் அடியில் பவர் சப்ளை காற்றிழுக்கும் இடமுண்டாயின், கால்கள் இரண்டு செ.மீ. அளவேனும் உயர்ந்திருக்கின்றனவா என்று அளந்து பார்க்க.

வீட்டிற்குக் கொணர்ந்து யாவும் பொருத்தியபின் இறுதிச் சோதனை ஒன்றுண்டு. கடினமான வேலை ஒன்றைக் கொடுத்து அரைமணி நேரம் ஓடவிட்டு உஷ்ணத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் முகப்பை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் அரைமணி ஓட்டுக. உஷ்ணம் ஓரிரு டிகிரியே குறைந்தால் முகப்பு நல்லது. ஐந்து ஆறு டிகிரி குறைந்தால் அம்முகப்பு யந்திரத்தின் மூச்சை அடைக்கின்றது என்று அறிக. ஊதுபத்திப் புகையைச் சாம்பல் விழாதவாறு முன்புறத்தே தூரத்தில் பிடித்தால், காற்று செல்லும் வழியைக் கண்ணாலேயே காணலாம். கூட்டைச் சுவரோடு ஒட்டியோ, கதவுள்ள மேசை அறைக்குள்ளோ வைத்தால், வெளியேறிய சூடான காற்றே மீண்டும் உட்புகும். எத்துணை நல்ல கூடும் அங்கே பயன்படாது.

சுருங்கக் கூறுமிடத்து, கூடு வாங்குவோர் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு: காற்று எங்கே புகுகின்றது? எங்கே வெளியேறுகின்றது? இடையே அதனைத் தடுப்பது யாது? இக்கூடு தன்மேல் ஏற்றும் சுமையைக் கோணாது தாங்குமா? இந்நான்கிற்கும் தெளிவான விடை தரும் கூடு எளிய விலையினதாயினும் ஏற்கத்தக்கது. விடை தராதது எத்துணை ஒளிவிடினும் தள்ளத்தக்கது. அட்டையிலுள்ள விளம்பரத்தை விடக் கண்ணும் கையும் ஒரு சிறு கணக்கும் நம்பத்தக்க சாட்சிகள். அவற்றைப் பயன்படுத்தும் பழக்கம் கணிப்பொறிக் கூட்டோடு நில்லாது, நாம் விலை கொடுத்து வாங்கும் பிற பொருள்களுக்கும் துணை நிற்கும்.